சில்லு வரையக் கற்பித்த வகுப்பு

இப்பேச்சை உங்கள் இல்லத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கும் வானொலிப் பெட்டியைத் திறந்து பார்ப்பீர்களாயின், உள்ளேயுள்ள பலகையின்மேல் கறுப்புநிறச் சிறு கட்டிகள் சில பதிந்திருக்கக் காண்பீர்கள். பல கால்களை ஊன்றிப் பூச்சிபோல அமர்ந்திருக்கும் அக்கட்டி வெறும் உறைதான். உறையினுள்ளே, விரல்நகத்தினும் சிறிதான சிலிக்கன் துண்டொன்று உள்ளது. தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு என்று நாம் வழங்குவதுபோல அதனையும் சில்லு என்றே வழங்குகின்றனர். நூல்வழக்கில் அதற்கு ஒருங்கிணைந்த சுற்று என்று பெயர். எண்களையும் குறிகளையும் கொண்டு தொழிற்படுவதாயின் அதனை இலக்கமுறைச் சுற்று என்பர்.

இச்சில்லின் வியத்தகு ஆற்றலைப் பற்றிப் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். அதனை வரைபவர் யார், அவர் அக்கலையை எங்கே கற்றார் என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. இன்று நான் கூற எடுத்துக்கொண்டது ஒரு வகுப்பின் வரலாறு. 1978ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், ஓர் ஆசிரியை சில மாதங்கள் நடத்திய வகுப்பு அது. அறிவைக் கற்பிக்கத்தக்க வடிவில் ஒழுங்குபடுத்துதல் அறிவைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வகையிலும் குறைந்த செயலன்று என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

முதலில், அவ்வகுப்பிலே கற்பிக்கப்பட்ட பொருள் யாது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வோம். ஆம், அன்று என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு தருக்கத்தைக் கணிதமாக எழுதலாம் என்பதை 1854இல் ஜோர்ஜ் பூல் என்ற அறிஞர் தமது நூலொன்றில் விளக்கினார். அக்கணிதத்தை மின்னாளிகளைக் கொண்டு செய்துகாட்டலாம் என்பதை 1937இல் குளோட் ஷனன் என்ற இளைஞர், நான் மேலே குறிப்பிட்ட அதே நிறுவகத்தில், தமது முதுமாணிப் பட்ட ஆய்விலே நிறுவினார். இவ்விருவருடைய கருத்தும் கலந்து பிறந்ததே, நம் உயர்தர மாணவர் பௌதிகவியலிற் கற்கும் தருக்கப் படலை.

படலை என்ற சொல் மிகப் பொருத்தமான சொல். ஓர் ஒழுங்கையிலே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படலைகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். அவ்வழியே செல்வதற்கு இரண்டும் திறந்திருத்தல் வேண்டும். இரண்டு ஒழுங்கைகள் அருகருகே ஓடி, ஒவ்வொன்றிலும் ஒரு படலை இருக்குமாயின், ஏதேனும் ஒன்று திறந்திருந்தாலே போதும். இவற்றோடு, ‘ஆம்’ என வருவதை ‘அன்று’ எனவும், ‘அன்று’ என வருவதை ‘ஆம்’ எனவும் மாற்றித்தரும் படலையையும் சேர்த்துவிட்டால், கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல், நினைவில் வைத்தல் ஆகிய யாவற்றையும் செய்துவிடலாம். கணினியின் உள்ளே வேறு மந்திரம் யாதுமில்லை. அப்படலைகளாக அமைவன திரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின்னாளிகளே.

இத்தகைய உறுப்புகளைத் தனித்தனியே செய்து கம்பியால் இணைப்பதற்குப் பதிலாக, ஒரே குறைகடத்தித் துண்டிலே ஒருங்கே ஆக்கும் வழியை 1958இல் ஜக் கில்பியும் 1959இல் றொபேட் நொயிசும் வெவ்வேறு முறையிற் காட்டினர். அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. 1978இல் அதே நிறுவனத்தின் 8086 செயலியில் அத்தொகை ஏறத்தாழ 29,000 ஆயிற்று. 2020இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் எம்1 என்னும் சில்லில் அது 1,600 கோடி.

இங்கேதான் கல்வியாளர் கவனிக்கவேண்டிய இடர் தோன்றிற்று. எழுபதுகளிலே சில்லு வரையும் அறிவு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் மதிலுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. கணினி எவ்வாறு இயங்கவேண்டும் என்று திட்டமிடுபவர் ஒருவர். அதனைப் படலைகளாகப் பிரிப்பவர் வேறொருவர். மின்சுற்றாக மாற்றுபவர் மற்றொருவர். சிலிக்கனிலே வரைபவர் இன்னுமொருவர். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனியான வரைவு விதிகள் இருந்தன. அவ்விதிகளோ நீண்டவை, தொழிற்சாலை தன் செய்முறையை மாற்றும்போதெல்லாம் தாமும் மாறுபவை. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் குறைகடத்தியின் பௌதிகத்தைக் கற்கலாம்; கணினியின் அமைப்பையும் கற்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் பாலம் அவனுக்கு இல்லை. சில்லில் அடங்கக்கூடிய உறுப்புகளின் தொகையோ ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்தது. அத்தனையையும் பயன்படுத்தவல்ல மனிதர் போதியவளவு இலர்.

பாலம் அமைத்தவர் இருவர். ஒருவர் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகப் பேராசிரியர் காவர் மீட். அவர் 1971 தொடக்கம் தம் மாணவர்க்குச் சில்லு வரையக் கற்பித்து வந்தவர். மற்றவர் லின் கொன்வே. அவர் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு நிலையத்தில் 1973 முதற் பணியாற்றிய கணினி அமைப்பறிஞர். இவ்விருவரும் கூடி, ஒரு கேள்வியை முன்வைத்து ஆராய்ந்தனர். சில்லு வரைபவர் உண்மையாகவே அறிந்திருக்கவேண்டியவை எவை? அறியாமல் விட்டாலும் குற்றமில்லாதவை எவை? ஆசிரியத் தொழிலின் அடிப்படைக் கேள்வியும் இதுவேயன்றோ?

அவர்கள் தந்த விடையை மூன்று கூறுகளாகச் சொல்லலாம்.

முதலாவது, நிறம். அக்காலத்துச் சில்லு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த சில படைகளைக் கொண்டது. மின்னோட்டம் செல்லும் சிலிக்கன் பாதையைப் பச்சைக் கோடாகவும், அதனைக் கட்டுப்படுத்தும் பாதையைச் சிவப்புக் கோடாகவும், மேலே செல்லும் உலோக இணைப்பை நீலக் கோடாகவும் வரையலாயினர். சிவப்புக் கோடு பச்சைக் கோட்டை எங்கே குறுக்கிடுகின்றதோ, அங்கே ஒரு திரான்சிஸ்டர் உண்டாகிவிடும். நாம் முன்னர்க் கூறிய உவமையிலே, பச்சை ஒழுங்கை, சிவப்புப் படலை. பச்சைக் கோடொன்றை இரண்டு சிவப்புக் கோடுகள் வெட்டினால், ஒரே ஒழுங்கையில் இரண்டு படலைகள் அமைந்துவிட்டன. நிறப் பென்சில் பிடிக்கத் தெரிந்த மாணவன் ஒருவன், ஒரு தாளிலே தருக்கத்தையும் மின்சுற்றையும் சிலிக்கனையும் ஒருங்கே காணும் நிலை இதனால் ஏற்பட்டது. நால்வர் செய்த வேலையை ஒருவரே தொடக்கம் முதல் முடிவுவரை செய்யும் வழி பிறந்தது.

இரண்டாவது, அளவு. நம் சிற்பநூல்களை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. சிற்பி ஒருவன் விக்கிரகத்தை வடிக்கும்போது, முகம் இத்தனை அங்குலம், மார்பு இத்தனை அங்குலம் என்று கடைச்சரக்கை அளக்கும் அங்குலத்தால் அளப்பதில்லை. அவ்வுருவத்தின் முழு உயரத்திலிருந்தே தாலம் என்னும் அளவைப் பெற்று, ஏனைய உறுப்புகள் யாவற்றையும் அத்தாலத்தின் மடங்காகவும் பகுதியாகவும் வகுக்கின்றான். சாண் உயரப் படிமத்திற்கும் ஆளுயரச் சிலைக்கும் விதி ஒன்றே. மீட், கொன்வே ஆகியோரும் இவ்வாறே, லாம்டா என்ற கிரேக்க எழுத்தாற் குறிக்கப்படும் ஓர் அலகை அமைத்தனர். பச்சைக் கோட்டின் அகலம் குறைந்தது இரண்டு லாம்டா. இரண்டு பச்சைக் கோடுகளின் இடைவெளி மூன்று லாம்டா. நீலக் கோட்டின் அகலம் மூன்று லாம்டா என்பன போன்ற விதிகளை வகுத்தனர். லாம்டா என்பது எத்தனை மைக்கிரோமீற்றர் என்பதைத் தொழிற்சாலை பின்னர்க் கூறிக்கொள்ளலாம். ஏடு ஏடாக நீண்ட விதிகள், மாணவன் நினைவிற் கொள்ளத்தக்க சில விதிகளாகச் சுருங்கின. ஒரு தொழிற்சாலைக்கென வரைந்தது மற்றொரு தொழிற்சாலைக்கும் பயன்படலாயிற்று.

மூன்றாவது, காலம். ஆயிரக்கணக்கான படலைகள் ஒரேவேளையில் திறந்து மூடினால், எந்தக் குறி முந்தும், எது பிந்தும் என்று யார் கணிப்பது? இதற்கு அவர்கள் கைக்கொண்ட முறை, ஒன்றோடொன்று மேற்படாத இரட்டைத் துடிப்பு. வயலுக்குச் செல்லும் வாய்க்காலிலே அடுத்தடுத்துத் துருசுகள் அமைத்து, ஒன்றைத் திறக்கும்போது அடுத்ததை மூடியே வைத்திருந்தால், நீர் ஒவ்வொரு தேக்கமாக முன்னேறுமேயன்றி ஒரேயடியாகப் பாய்ந்துவிடாது. அவ்வாறே குறிகளும் முதல் துடிப்பில் ஒரு படியும் இரண்டாம் துடிப்பில் மறு படியும் ஏறிச்செல்லும். குழப்பம் நீங்கிற்று.

இவ்விதிகளைத் தொகுத்து இருவரும் பாடநூலொன்றை எழுதலாயினர். நூல் முற்றுப்பெறுமுன்னரே, அதன் முதல் அத்தியாயங்களை 1977இல் வகுப்புகளிற் கற்பித்துப் பார்த்தனர். மாணவர் இடறிய இடங்களைத் திருத்தினர். கற்பித்துத் திருத்திய பின்னரே அச்சேறவேண்டும் என்னும் அவ்வொழுக்கம் பாடநூல் எழுதுவோர் யாவரும் கைக்கொள்ளத்தக்கது.

1978இல் கொன்வே அம்மையார் வருகைதரு பேராசிரியராக மசாசூசெற்ஸ் சென்றார். கூட்டத்தின்முன் பேசுவதற்குக் கூச்சம் மிகுந்தவர் அவர். அக்கூச்சத்தை வெல்ல அவர் கண்ட வழி, ஒவ்வொரு விரிவுரையையும் வரிக்குவரி முன்னதாகவே எழுதிக்கொள்ளுதல். கரும்பலகையில் வரையவேண்டிய படம், எடுத்துக்காட்டு, கணக்கு ஆகிய ஒன்றையும் விடாது எழுதி வைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட மாணவர் வந்தனர். அந்நிறுவகத்தின் ஆசிரியர் சிலரும் வந்து அமர்ந்தனர். தவணையின் முற்பாதி முறையைக் கற்பதிற் சென்றது. பிற்பாதியில் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு சுற்றை வரையவேண்டும். கை ஸ்டீல் என்னும் மாணவர், லிஸ்ப் என்ற கணினிமொழியை நேரடியாகவே நிறைவேற்றும் செயலியொன்றை வரையுமளவிற்குத் துணிந்தார்.

வரைந்தால் மட்டும் போதுமா? வரைந்தது பொருளாகக் கைக்கு வரவேண்டாமா? சில்லு ஆக்கும் முறை பத்திக் சேலை செய்வதை ஒருவாறு ஒத்தது. சாயம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மறைத்துத் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். பின்பு மெழுகை நீக்கி, வேறிடத்தை மறைத்து மறுபடியும் தோய்ப்பர். சிலிக்கன் தகட்டின்மீதும் அவ்வாறே ஒளியாலும் மறைப்புத் தகடுகளாலும் படைகளை ஒவ்வொன்றாகப் பதிக்கின்றனர். மறைப்புத் தகடுகளைச் செய்வதற்கு ஆகும் செலவு பெரிது. ஒரு மாணவனின் ஒரு சுற்றுக்காக அதனைச் செய்ய எவரும் முன்வாரார். ஆனால், குயவன் ஒரு சட்டிக்காகச் சூளை மூட்டுவதில்லை. பலவற்றையும் அடுக்கியே சுடுகின்றான். அதுபோல மாணவர் வரைந்த சுற்றுகள் யாவற்றையும் ஒரே தகட்டில் அருகருகே அடுக்கினர். வரைவுகள் ஆர்ப்பாநெற் என்னும் கணினி வலையமைப்பின் வழியாக நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரையிலுள்ள கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டன. ஹியூலெற் பக்கார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் சில்லுகள் ஆக்கப்பட்டன. வரைவுகளை ஒப்படைத்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், 1979 தை மாதத்தில், மாணவர் தாம் வரைந்தவற்றைக் கையிலே பெற்றனர்.

இந்த ஆறு வாரத்தின் அருமையை ஆசிரியர்கள் உணர்வர். தேர்வுத்தாளில் எழுதிய விடைக்கு ஆசிரியர் இடும் புள்ளி ஒருவகைத் தீர்ப்பு. சில்லுக்கு மின்னை ஊட்டியவுடன் அது இயங்குவதோ இயங்காமற் கிடப்பதோ வேறுவகைத் தீர்ப்பு. பின்னையதற்கு முகத்தாட்சணியம் இல்லை. பிழை எங்கேயென்று மாணவன் தானே தேடவேண்டும். தேடிக் கண்டதை அவன் ஒருகாலும் மறப்பதில்லை.

இனி நிகழ்ந்தது மேலும் வியப்பிற்குரியது. கூச்சத்தின் காரணமாகக் கொன்வே அம்மையார் எழுதிவைத்த விரிவுரைகளே, ஆசிரியர்க்கான வழிகாட்டி நூலாயின. அவ்வழிகாட்டியைக் கைக்கொண்டு, 1979இல் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் அதே பாடத்தை நடத்தின. 124 பேர் வரைந்த 82 திட்டங்கள் ஒருங்குசேர்க்கப்பட்டன. வரைவை ஏற்கும் இறுதிநாளிலிருந்து 29 நாள்களிற் சில்லுகள் ஆயத்தமாயின. மீட், கொன்வே ஆகியோரின் பாடநூல் 1980ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளிவந்தது. 1981இல், பலருடைய வரைவுகளைச் சேர்த்து ஆக்கித்தரும் பணி மோசிஸ் என்ற பெயருடன் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிலையான சேவையாயிற்று. 1983 அளவில் நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தைக் கற்பித்தன.

பயனைச் சுருக்கமாகச் சொல்வேன். 1979இல் பங்குபற்றியவருள் ஒருவரான ஜிம் கிளார்க் வரைந்த சுற்று, முப்பரிமாண உருவங்களைத் திரையிற் காட்டும் கணினிகளுக்கு வித்திட்டது. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பற்றர்சன் வழிகாட்ட, மாணவர் வரைந்த றிஸ்க்-1 என்னும் செயலி 1982இல் 44,420 திரான்சிஸ்டர்களுடன் இயங்கிற்று. எளிமையே வேகம் தரும் என்னும் அதன் கொள்கையை, இன்று நம் கைத்தொலைபேசிகளிலுள்ள செயலிகளிற் காண்கிறோம். வரைபவர் ஒருவர், ஆக்குபவர் வேறொருவர் என்னும் பிரிவு தொழிலுலகிலும் வேரூன்றியது. 1987இல் தாய்வானில் நிறுவப்பெற்ற ரி.எஸ்.எம்.சி. என்னும் நிறுவனம், பிறர் வரைந்ததை ஆக்கித்தருவதையே தன் தொழிலாகக் கொண்டது.

ஆயினும் ஒருபக்கமாக மட்டும் பேசுதல் முறையாகாது. தொழிற்சாலையிற் பழுத்த அனுபவமுடையோர் அக்காலத்திற் கூறிய மறுப்பும் உண்டு. பொதுவிதியால் வரைந்தால் சில்லில் இடம் வீணாகும். தேர்ந்த கைகள் வரைவதைவிட அது பெரிதாகவும் மெதுவாகவும் அமையும் என்றனர். அது மெய்யே. பின்னாளில் அளவுகள் மிகச் சிறுத்தபோது, எல்லா உறுப்புகளும் ஒரே விகிதத்திற் சுருங்கமாட்டா என்பதும் தெளிவாகி, லாம்டா விதிகள் தொழிலுலகில் வலுவிழந்தன. இவ்வெளிய விதிகள் முழு உண்மையல்ல. உண்மைக்குள் நுழைவதற்குரிய வாயில் என்ற அளவிலேயே அவற்றைக் கொள்ளவேண்டும். அரிச்சுவடி இலக்கியமன்று, அரிச்சுவடியின்றி இலக்கியத்திற்குச் சென்றவரும் இலர்.

கொன்வே அம்மையாரின் வாழ்வைப் பற்றி ஒன்று சொல்லாது விடுதல் தகாது. அவர் பிறப்பில் ஆணெனப் பதியப்பெற்றவர். 1964இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்து, கணினியின் வேகத்தைக் கூட்டும் சிறந்த முறையொன்றைக் கண்டவர். பெண்ணாக வாழத் துணிந்ததைத் தெரிவித்தபோது, 1968இல் அந்நிறுவனம் அவரைப் பணியினின்றும் நீக்கிற்று. பெற்ற பெயரையும் செய்த பணியையும் மறைத்து, புதுப்பெயருடன் கீழ்ப்படியிலிருந்து அவர் மீண்டும் தொடங்கினார். 1978இல் அவ்வகுப்பின்முன் நின்றபோது, தம் முன்னை வரலாற்றை அவர் வெளியிட இயலாத நிலையில் இருந்தார். ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2020இல், அந்நிறுவனம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. 2024இல் அவர் காலமானார். ஒருவரைப் புறந்தள்ளுவதால் சமூகம் எத்தகைய அறிவை இழக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்க இவ்வரலாறு நம்மைத் தூண்டும்.

இன்று அதே பாடத்தைக் கற்கும் மாணவன் நிறப் பென்சிலை எடுப்பது அருமை. தனக்கு வேண்டிய சுற்றின் நடத்தையை ஒரு கணினிமொழியில் எழுதுகின்றான். மென்பொருள் அதனைப் படலைகளாக மாற்றி, கோடிக்கணக்கான கோடுகளைத் தானே வரைந்துவிடுகின்றது. வரைவது குறைந்து, வரைந்தது சரிதானா என்று சோதிப்பது பெருவேலையாயிற்று. ஆனால் பழைய இடர் வேறுருவில் மீண்டும் வந்தது. மென்பொருளின் விலையும் தொழிற்சாலை விதிகளின் இரகசியமும் புதிய மதில்களாயின. அம்மதிலிலும் வாயில் திறக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 2020இல் கூகிள் நிறுவனமும் ஸ்கைவோட்டர் என்னும் சில்லுத் தொழிற்சாலையும் சேர்ந்து, 130 நனோமீற்றர் செய்முறையின் வரைவு விதிகளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டன. 1978இல் ஒரு வகுப்பினர் பெற்ற வாய்ப்பின் தொடர்ச்சியே இது.

நேயர்களே, நுட்பமான அறிவு நம் பிள்ளைகளுக்கு எட்டாதது என்று பெற்றோரும், சில வேளைகளில் ஆசிரியருங்கூடக் கூறக் கேட்கிறோம். எட்டாதிருப்பது பிள்ளையின் குறையா, அவ்வறிவு வைக்கப்பட்டிருக்கும் பரணின் உயரமா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நிறக்கோடுகளையும் சில விதிகளையும் கூச்சமுள்ள ஆசிரியை ஒருத்தி எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு, தொழிற்சாலை மதிலுக்குள் அடைபட்டிருந்த கலையொன்று சில ஆண்டுகளிற் பல்லாயிரம் மாணவர்க்கு உரியதாயிற்று. நம் வகுப்பறைகளிலும் பரணில் இருப்பவை பல. அவற்றை இறக்கிவைத்தல் ஆசிரியர் கடன்; இறக்கிவைத்ததைக் கையிலெடுத்துச் செய்துபார்க்க விடுதல் அதனினும் பெரிய கடன்.